சுளகில் அரிசியும் பயறும்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் என் அம்மாவுக்குத் துணை என்று இருந்தது ஒரே ஒரு ஆள்தான், பக்கத்து வீட்டில் இருந்த, ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணியின் மனைவி. மற்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்து "பாவம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பாவம் என்று சொல்லக் காசா பணமா?

அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். இருபது வயதிலும் அவளுக்கு அம்மாதான் தலை வாரி, பாவாடை கட்டி, சோறு பிசைந்து கொடுக்க வேண்டும். கண் அசந்தால் தண்டவாளத்துப் பக்கம் போய்விடுவாள். அதனால் அம்மா பகலில் படுத்து நான் பார்த்ததே இல்லை. அப்பா வேலைக்குப் போய்விடுவார். நானோ கூப்பிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். அக்காவோடு வெளியே போக எனக்கு வெட்கம். அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

கிராணி வீட்டம்மாதான் ஒருநாள் வேலிப் பக்கம் வந்து, "நீங்கள் போய்க் கொஞ்சம் படுத்துச் சரியுங்கோ. பிள்ளை மத்தியானத்தில என்னோட இருக்கட்டும்" என்று அக்காவைக் கூட்டிப் போனார். அவர் கண்டுபிடித்த வேலை இது: ஒரு சுளகில் (முறத்தை அவர் அப்படித்தான் சொல்வார்) அரிசியையும் பாசிப்பயறையும் கலந்து அக்காவின் மடியில் வைப்பார். அக்கா நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு பயறாகப் பொறுக்கித் தனியே வைப்பாள். முடிந்ததும் சுளகைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடி வருவாள். "அம்மா, முடிச்சிட்டேன்!" அம்மா எழுந்து பார்த்து, "சுத்தமா இருக்குடி தங்கம்" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் அவளுக்கு அன்றைய வேலை முடிந்ததாகக் கணக்கு. மறுநாள் கிராணி வீட்டம்மா அதே அரிசியில் அதே பயறைக் கொட்டிக் கலந்துவிடுவார். அம்மாவுக்கு ஒருமணி நேரம் தூக்கம் கிடைத்தது.

எனக்குப் பதினெட்டு நடக்கும்போது கிள்ளானிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மூத்தவள் இருக்க இளையவளுக்கு எப்படி என்று கேட்பார்களே என்று எனக்குப் பயம். அம்மா, "முதல்ல உன்னைப் பார்த்துட்டுப் போகட்டும். அப்புறம் நானே எடுத்துச் சொல்றேன்" என்றாள். அக்காவை வழக்கம்போலப் பக்கத்து வீட்டில் விட்டோம். ஆனால் அன்றைக்கு வந்தவர்களுக்காகக் கிராணி வீட்டம்மா வடை சுட்டுக்கொண்டிருந்தார். அக்கா முடித்ததை அவர் கவனிக்கவில்லை.

நான் காப்பித் தட்டோடு நிற்கிறேன். அக்கா சுளகோடு உள்ளே வந்து, "அம்மா, முடிச்சிட்டேன்!" என்றாள்.

மாப்பிள்ளையின் அம்மா, "இது யாரு?" என்று கேட்டார்.

அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "பக்கத்து வீட்டு வேலைக்காரிங்க. எங்கம்மாவை அம்மா அம்மான்னு சுத்தி வரும்."

அம்மா என்னைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. சுளகைப் பார்க்கவுமில்லை, சுத்தமாக இருக்கிறது என்று சொல்லவுமில்லை. கிராணி வீட்டம்மா ஓடிவந்து அக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார்.

கல்யாணம் நடந்தது. என் கல்யாணத்துக்கு அக்கா வரவில்லை. அதன் பிறகு அம்மா கிள்ளானுக்கு வந்ததெல்லாம் வளைகாப்புக்கு ஒரு தடவை, பிள்ளை பிறந்தபோது ஒரு தடவை. இரண்டு தடவையும் தனியாக வந்து, அரை வயிறு சாப்பிட்டுவிட்டு, "அடுத்த ரயிலைப் பிடிக்கணும்" என்று எழுந்துவிட்டாள். உங்கள் அம்மாவுக்கு ரொம்ப மண்டைக்கனம் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். இதற்கிடையில் கிராணிக்குப் பென்ஷன் ஆகி, அந்தக் குடும்பம் ஊருக்குப் போய்விட்டது. அம்மாவுக்கு அந்த ஒருமணி நேரத் தூக்கமும் போயிற்று. எனக்குக் கல்யாணமான ஐந்தாம் வருஷம் அம்மாவே போய்விட்டாள்.

அப்பாவால் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியாது. நான்தான் அக்காவைக் கூட்டி வந்தேன். அப்போதும் புத்தி வந்ததா? "அந்த வேலைக்காரிப் பொண்ணுதான் அத்தை. போக்கிடம் இல்லை" என்றேன். மாமியார் ஒன்றும் கேட்கவில்லை. பின்கட்டில் பாய் போட்டுக் கொடுத்தேன். தினமும் மத்தியானம் சுளகில் அரிசியும் பயறும் வைத்தேன்.

ஒருநாள் நான் அவற்றைக் கலந்துகொண்டிருந்தபோது மாமியார் பின்னால் வந்து நின்றார். "சுத்தமா பிரிச்சு வெச்சதை எதுக்கும்மா கலக்குறே?"

சுளகைக் கீழே வைத்தேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார். "உங்கம்மாவை உரிச்சு வெச்சிருக்கா. வேலைக்காரியைப் பார்த்தா எந்தப் பொம்பளைக்கு அப்படிக் கண்ணு கலங்கும்?"

"அப்ப ஏன் அத்தை கேக்கல?"

"கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லுவே. ஒவ்வொரு தடவையும் உங்கம்மா அவளையும் கூட்டிட்டு வருவாங்கன்னு பார்த்தேன். ரெண்டு இலை சேர்த்துப் போடறதுல எனக்கென்ன குறைஞ்சிடப் போவுது?"

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மா இந்த வீட்டில் வந்து படுத்துத் தூங்கியிருப்பாளே! யாரைக் கோபித்துக்கொள்வது? முதல் வார்த்தை சொன்ன வாய் என்னுடையது.

அன்றைக்கு அக்கா பொறுக்கி முடித்துச் சுளகைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மாமியார் முன்னாலேயே கையை நீட்டினேன். "என்கிட்ட காட்டு, அக்கா."

அவள் சுளகை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அம்மாகிட்டதான்" என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் பார்த்தபடி நின்றாள்.