பஸ் வருவதற்குள்

"இறுக்குதா? இல்லையில்ல? கிளம்புங்க." மூக்குக்கண்ணாடி பிரேமைச் சூட்டில் காட்டி லேசாக வளைத்து, வந்தவரின் காதில் மாட்டியதும் அக்கா வெடுக்கென்று கையை எடுத்துக்கொள்வாள். நாள் முழுக்க ஊரார் முகத்தைத் தொடுகிற வேலை. ஒரு முகத்திலும் அந்தக் கை தங்காது. அதே கண்ணாடிக் கடையில் பில் போடுகிற நான் இதைப் பல வருடமாகப் பார்க்கிறேன்.

அவள் பையில் பெரிய கறுப்புக் கண்ணாடிக்கூடு ஒன்று உண்டு. உள்ளே இருப்பது எச்.ஐ.வி. மாத்திரை. "என்னைக் கட்டிக்கிட்டுச் செத்துப்போன மகராசன் எழுதி வச்சிட்டுப் போன சொத்து" என்பாள். கடையில் எனக்கு மட்டும்தான் தெரியும். தொட்டால் ஒட்டாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால், அவள் தூக்கிக் கொஞ்சிய குழந்தையை அண்ணி வெடுக்கென்று வாங்கிப்போய்க் குளிப்பாட்டியதை அந்தக் கைகள் இன்னும் மறக்கவில்லை.

வயது நாற்பதுக்குள்தான். கலகலவென்று பேசுவாள். பிடித்துப்போய்ச் சுற்றி வந்தவர்கள் இல்லாமல் இல்லை. அவர்களிடம் விஷயத்தைச் சொல்ல அவள் தேர்ந்தெடுக்கிற இடம் பஸ் ஸ்டாப்.

"ஓடணும்னு தோணிச்சுன்னா ஓட வண்டி வேணும்ல? பாவம், நடக்க விடலாமா?"

முதலாமவர் வந்த பஸ்ஸில் தாவி ஏறினார். அது அவர் வீட்டுப் பக்கமே போகாத பஸ். இரண்டாமவர் கண்கலங்கி, "இனிமே நீ என் கூடப்பொறந்த தங்கச்சி" என்றாராம். "ஏற்கெனவே மூணு அண்ணன் இருக்கானுங்க, ஒருத்தனும் எட்டிப் பாக்கறதில்ல. இவரு நாலாவது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அன்று அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

மூன்றாமவர் லிஃப்ட் மெக்கானிக், தனி ஆள், அதிகம் பேசாதவர். அவரிடம் மட்டும் அக்காவுக்கு நாக்கு எழவில்லை. பஸ் வரும், போகும். "நாளைக்குச் சொல்றேன்டி. இவரும் போயிட்டாருன்னா சிரிச்சுக்கிட்டுத் திரிய எனக்குத் தெம்பு இல்ல."

நேற்று சொல்லிவிட்டாள். ஒழுங்காக மாத்திரை போடுவதால் ரத்தத்தில் கிருமி சோதனைக்கே தெரியாத அளவுக்கு அடங்கிவிட்டது, கட்டிக்கொள்பவருக்குத் தொற்றாது என்று டாக்டர் சொன்னதையும் சேர்த்துத்தான். பஸ் வந்தது. அவர் ஏறிவிட்டார்.

இன்று காலை கடை திறந்ததும் வந்து நின்றார்.

"நேத்து என்ன பேசறதுன்னே தெரியல" என்றார். தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். "காதுகிட்ட இறுக்குது. பாருங்களேன்."

அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். போன மாதம் அவளே சரிசெய்த பிரேம். ஒரு குறையும் இல்லை. அப்படியே அவர் காதில் மாட்டினாள்.

"இப்ப?"

"இன்னும் இறுக்குது" என்றார் அவர், கண்ணை மூடிக்கொண்டு.

நான் பில்லைப் பார்க்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோதும் அவள் கைகள் அவர் காதோரத்திலேயே இருந்தன.