நிலத்துக்காரர் பங்கு

முத்துக்குமாரு மனித குலத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். மாதத் தவணை கட்டுகிறவர்கள் ஒரு பக்கம், கட்டாதவர்கள் மறுபக்கம். மறுபக்கத்தில் அவருக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரையும் காலையில் முகம் மழிக்கிறபோதுதான் பார்க்க முடிந்தது.

மலேசியாவின் சுங்கைப்பட்டாணியில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் கோப்பு புரட்டித் தலைமைக் கிளார்க்காக ஓய்வு பெற்றவர். எதிர் மேசைப் பரஞ்சோதி ஒன்பது வருடத் தவணையில் கார் எடுத்தபோது, "நாலு சில்லில உம்முடையது எது, பாங்கின்ர எது?" என்று ஒவ்வொரு சம்பள நாளும் கேட்டார். பரஞ்சோதி சிரித்துக்கொள்வார். அந்தக் காரிலும், அதற்கு அடுத்த காரிலும்தான் முத்துக்குமாரு பதினெட்டு வருடம் அலுவலகம் போய் வந்தார். பெட்ரோலுக்குப் பங்கு கேட்கப் பரஞ்சோதிக்கு வாய் வரவில்லை. கடன்காரர்களுக்கு எப்போதும் அந்தக் கூச்சம் உண்டு என்று முத்துக்குமாரு அதற்கும் விளக்கம் வைத்திருந்தார்.

தனக்கு வீட்டுக்கடன் இல்லாமல் போனதற்கு ஒழுக்கமே காரணம் என்பார். சீதனமும் ஒரு காரணம். சுங்கைப்பட்டாணி மாடி வீடு, செல்வநாயகி கழுத்தில் தாலி ஏறிய அன்றே அவளோடு வந்தது. அவள் அப்போது கிறேஸ் செல்வநாயகி, மெதடிஸ்ட் குடும்பத்துப் பெண். கல்யாணத்தோடு பெயரின் முன்பாதியையும் சாப்பாட்டில் மாமிசத்தையும் விட்டுவிட வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். இரண்டையும் விட்டாள். வீட்டுப் பத்திரத்தை மட்டும் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டாள்.

ஓய்வுப் பணத்தில் புக்கிட் செலம்பாவில் இரண்டு ஏக்கர் வாங்கினார். விவசாயம் கைபேசியில் கற்றார். தாடி வைத்த ஒருவர் மண்வெட்டியைத் தொடாமலே ஆறு மாதத்தில் காடு வளர்த்துக் காட்டும் வீடியோக்கள். சிமெண்டுக் கல் இருபது முப்பதாக ரொக்கத்துக்கு வாங்கி, இரண்டு வருடம் எடுத்து, இரண்டு அறையும் தகரக் கூரையுமாக வீடு கட்டி முடித்தார். பாங்கில் கேட்டிருந்தால் ஆறு மாதத்தில் முடிந்திருக்கும், ஜன்னல்களும் ஒரே அளவில் இருந்திருக்கும். வாசலில் ஒரு பலகை மாட்டினார்: 'கடனில்லாக் குடில். இந்த நிலத்தில் எந்த உயிரும் கொல்லப்படாது.'

பலகையை முதலில் நின்று படித்தவன் பக்கத்து நிலத்து முனியாண்டி. விடியற்காலையில் பிறத்தியார் ரப்பர் மரம் சீவுகிறவன். நான்கு நாய்கள் வளர்க்கிறவன்.

"கடனில்லன்னா, கடன் குடுக்க மாட்டீங்கன்னா சார்? கடையிலதான் அப்படி எழுதி வெப்பாங்க."

"நான் யாரிட்டயும் கடன்படேல்லை எண்டு அர்த்தம்."

"அதைப் போர்டுல போடணுமா கிராணி சார்? எங்களுக்கெல்லாம் மூஞ்சியிலேயே தெரியுமே லா."

முத்துக்குமாருவின் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதிய கிராணி. முனியாண்டியின் தாத்தா அந்த ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே கூலிக்காக வெயிலில் நின்றவர். இரண்டு பேருக்கும் இது தெரியும். 'கிராணி சார்' என்பதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று முத்துக்குமாரு ஆராயவில்லை. தோட்டத்து ஆட்கள் தன்னைக் கிண்டல் செய்யக்கூடும் என்பது அவர் புத்திக்கு எட்டாத விஷயம்.

நிலத்தின் ஓரத்தில் பலாத் தோல், அழுகிய வாழைப்பழம், மரவள்ளித் தோல் எல்லாவற்றையும் குவித்து மட்க வைத்தார். தாடிக்காரர் சொன்னது. வேலி வேண்டாம், இயற்கையோடு சமரசமாக இருக்கவேண்டும் என்றதும் அவரே. முனியாண்டி மோட்டார் சைக்கிளை நிறுத்தி மூக்கை உறிஞ்சிப் பார்த்தான்.

"இது உரமில்ல சார், பன்னிக்குக் கல்யாணப் பத்திரிகை. வேலி போடுங்க."

"இயற்கை வேலி கேக்கேல்லை முனியாண்டி. நீர் உம்முடைய நாய்களைக் கட்டி வையும், போதும்."

முனியாண்டி நாய்களைக் கட்டி வைத்தான்.

மரவள்ளி நன்றாகவே வந்தது. ஆனால் செல்வநாயகிக்கு இருபது மாதமாக அங்கே ஒட்டவில்லை. மழை நீர்த் தொட்டியில் கொசு. பேச ஆளில்லை. ஆசிரியையாக ஓய்வு பெற்றவள், கத்தரிக்காய்ச் செடிகளுக்குப் பாடம் நடத்த முடியாது. ஒரு முதல் தேதி காலையில் தேத்தண்ணி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இஞ்சேருங்கோ. சுங்கைப்பட்டாணி வீட்டில வாடகைக்கு இருக்கிற டாக்டர் பெடியனுக்கு இந்த மாதத்தோட அக்ரிமென்ட் முடியுது. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கவோ எண்டு கேக்கிறார்."

"இருக்கச் சொல்லும்."

"சொல்லலாம். இந்த முப்பது நாளும் இந்த நிலத்தில விளைஞ்சதை மட்டும் வச்சு எனக்குச் சாப்பாடு போடுங்கோ. போட்டால் இருக்கச் சொல்லுறன். இல்லையெண்டால் அடுத்த முதலாம் திகதி நான் என்ர வீட்டுக்குப் போறன். நீங்கள் வாறதெண்டால் வரலாம்."

"உப்பு?"

"உப்பு, எண்ணெய், தூள், தேயிலை விடுறன். அரிசி விடமாட்டன்."

"கணக்குச் சரியோ பிழையோ எண்டு ஆர் சொல்லுறது?"

"நீங்கள்தான். பொய் சொல்ல மாட்டியள். உங்களிட்ட இருக்கிற நல்ல குணம் அது ஒண்டுதானே."

முத்துக்குமாரு ஒப்புக்கொண்டார். தோற்பதைப்பற்றி யோசித்தபோது, அவருக்கு நிலம் கண்ணில் வரவில்லை. சுங்கைப்பட்டாணி வீட்டு வாசலில் பரஞ்சோதி காரை நிறுத்தி, "ஏறுங்கோ அண்ணை" என்று அன்பாகக் கதவைத் திறந்துவிடுவதுதான் வந்தது. அந்த அன்பை அவரால் தாங்க முடியாது.

பதினெட்டு நாள் குறையில்லை. மரவள்ளி அவித்துத் தேங்காய்ச் சம்பல், மரவள்ளிப் பிட்டு, மரவள்ளி ரொட்டி, முருங்கைக்கீரை, கத்தரிக்காய், மறுபடி மரவள்ளி. ஒவ்வொரு வேளையையும் படமெடுத்து ஓய்வு பெற்ற கிளார்க்குகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, கீழே தவணை வாழ்க்கையைப்பற்றி இரண்டு பத்தி எழுதினார். பரஞ்சோதி கட்டைவிரல் படம் அனுப்பினார். அவர் பேத்தியோடு கோழிச்சோறு தின்றுகொண்டிருந்திருக்கலாம்.

பத்தொன்பதாம் நாள் காலை, மரவள்ளித் தோட்டம் உழுதுபோட்டது போலக் கிடந்தது. பன்றிகள் முதலில் குப்பைக் குவியலில் பசியாறியிருந்தன. பிறகு வரிசை மாறாமல், பந்தியில் உட்கார்ந்த ஒழுங்கோடு, கிழங்கை வேரோடு கிளப்பியிருந்தன. மிஞ்சியது இரண்டு பேருக்கு ஒரு வாரம் போதும். அதுவும் பன்றிகள் மறுபடி வராவிட்டால். இயற்கை சமரசத்தைப் படித்துவிட்டு வரவில்லை.

முனியாண்டி வீட்டுக்கு முத்துக்குமாரு முதல் முறையாகப் போனார். கையில் ஐம்பது வெள்ளித் தாள் நான்கு.

"எவ்வளவு எண்டு சொல்லுங்கோ முனியாண்டி. கையோட தாறன்."

'நீர்' ஒரே ராத்திரியில் 'நீங்கள்' ஆனதை முனியாண்டி கவனித்தான். நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"கூலிக்குப் பன்னி அடிக்கற ஆளுங்க இல்ல சார் நாங்க. மச்சான்கிட்ட லைசென்ஸ் துப்பாக்கி இருக்கு, எங்கிட்ட நாயி இருக்கு. அடிச்சா நிலத்துக்காரருக்கு ஒரு பின்னந்தொடை. அது பங்கு. மத்தது எங்களுக்கு."

"நான் மரக்கறி எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

"பன்னியும் மரக்கறிதான் சார். உங்க காட்டுலதானே பார்த்தீங்க."

"எனக்குப் பங்கு வேண்டாம். நீங்களே கொண்டுபோங்கோ."

"அது முடியாது சார். மெர்போக் பக்கம் ஒருத்தர் இப்படித்தான், வேணாம் வேணாம்னாரு. அடுத்த வாரம், எங்க காட்டுல அத்துமீறி நுழைஞ்சாங்கன்னு பெட்டிசன் எழுதிட்டாரு. ஸ்டேசன்ல மூணு நாளு உக்கார்ந்தோம். தொடை வாங்கிட்டா நீங்களும் கூட்டாளி. கூட்டாளி பெட்டிசன் எழுத மாட்டாரு."

"சரி, அப்ப ஒரு உதவி எண்டு நினைச்சுச் செய்து தாங்கோவன்."

இருபது மாதத்தில் இவ்வளவு நல்ல சந்தர்ப்பம் முனியாண்டிக்குக் கிடைத்ததில்லை.

"செய்யலாம் சார். ஆனா அப்ப நீங்க எங்களுக்குக் கடன்பட்ட மாதிரி ஆயிடும். போர்டு வேற மாட்டி வெச்சிருக்கீங்க."

முத்துக்குமாரு நான்கு தாளையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். முப்பத்து நான்கு வருடம் விதிமுறைகளைக் காட்டி மற்றவர்களின் மனுக்களைத் திருப்பி அனுப்பிய மனிதருக்கு, எதிரே நிற்பது ஒரு விதிமுறை என்று அடையாளம் தெரிந்தது. அதற்கு மேல்முறையீடு கிடையாது.

"கொல்லுறதையாவது என்ர நிலத்துக்கு வெளியில, அந்த ரப்பர் காட்டுப் பக்கம் வச்சுக்கொள்ள ஏலுமோ?"

"பன்னிகிட்ட சொல்லிப் பார்க்கறேன் சார்."

அதற்கு இரண்டாம் நாள் விடியும் நேரத்தில் நாய்கள் குரைத்தன. முத்துக்குமாரு சாமி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தேவாரத்தை வழக்கத்தைவிட உரக்கப் படித்தார். வெடிச் சத்தம் கேட்டபோது ஒரு வரி தவறியது. அதைத் திரும்பவும் முதலிலிருந்து படித்தார். சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று அவர் பிறகு யாரிடமும் விசாரிக்கவில்லை.

ஏழு மணிக்குத் தொடை வாசலில் தொங்கியது. ஊதா ராஃபியா கயிற்றில் கட்டி, கடனில்லாக் குடில் பலகையின் ஆணியிலேயே மாட்டியிருந்தான். வேறு ஆணி இல்லை.

"வாங்கிக்கிட்டேன்னு வாயால சொல்லிடுங்க சார்," என்றான் முனியாண்டி, மோட்டாரிலிருந்து இறங்காமலே.

"வாங்கியாச்சு."

"இனி பன்னி கால் வெக்காது. வெச்சா நாங்க இருக்கோம்."

அவன் போனதும் முத்துக்குமாரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நிலத்தின் கோடிக்குப் போனார். வாங்கவேண்டும் என்றுதான் விதி. புதைக்கக் கூடாது என்று அதில் இல்லை. முழங்கால் ஆழம் தோண்ட முக்கால் மணி நேரம் ஆனது. தாடிக்காரரின் வீடியோவில் இந்தப் பகுதி இல்லை. வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தபோது ஆணியில் கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

குசினியில் செல்வநாயகி பாராங் கத்தியால் தொடையைத் துண்டு போட்டு முடித்திருந்தாள். பெரிய சட்டியில் முதல் பங்கு கொதித்தது. எலுமிச்சை வாசனை அடிக்கும் இடித்த செராய்ப் புல், காய்ந்த மிளகாய், கறித்தூள். மிச்சத்தை உப்பும் மஞ்சளும் தடவிக் கம்பியில் கோத்து, வெயிலில் கட்டுவதற்கு வைத்திருந்தாள். முப்பத்தாறு வருட இடைவெளி அவள் கையில் எங்கேயும் தெரியவில்லை. அது அவரை அதிகமாகப் புண்படுத்தியது. கொஞ்சம் தடுமாறியிருக்கலாம்.

"என்னப்பா இது?"

"சாப்பாடு. நீங்கள்தான் வாங்கினனீங்கள்."

"இந்த வீட்டிலயோ?"

"வேற எந்த வீட்டில? என்ர வீட்டில டாக்டர் பெடியன் இருக்கிறார்." கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டினாள். "கிழங்கை எண்ணிப் பார்த்தனான். ரெண்டு பேருக்கும் அஞ்சு நாளைக்குத்தான் காணும். இன்னும் பத்து நாள் கிடக்கு. இதை வத்தல் போட்டால் நான் கீரையோட சமாளிச்சுக்கொள்ளுவன். கிழங்கு முழுக்க உங்களுக்கு, பத்து நாளும் வரும்."

முத்துக்குமாருவுக்குக் கணக்குப் புரிந்தது. கூட்டலில் பிழையில்லை.

"ஆனால் இந்த நிலத்தில விளைஞ்சது மட்டும் எண்டுதானே பேச்சு," என்றாள் அவள். "அதால நீங்கள் சொல்லுங்கோ. இது எங்கட நிலத்தில விளைஞ்சதோ, இல்லையோ? இல்லையெண்டால் இப்பவே அடுப்பை நிப்பாட்டுறன். முதலாம் திகதி போவம்."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோப்பை இரண்டு பக்கமும் படித்துப் பார்த்தார். பன்றி வேறெங்கோ பிறந்தது. செத்த இடம் விசாரிக்கப்படவில்லை. இடைப்பட்ட காலத்தில் அது தின்றது யாருடைய உழைப்பு? அவர் நட்டு, அவர் தண்ணீர் ஊற்றி, கடையில் ஒரு பை உரமும் வாங்காமல் வளர்த்த கிழங்கு. இல்லை என்று சொன்னால் பொய் ஆகிவிடும். ஆம் என்று சொன்னால் பொய்யில்லை, ஆனால் அதற்குப் பிறகு அவரிடம் நிலம் மட்டும்தான் மிஞ்சும். வாசலில் பரஞ்சோதியின் கார் வந்து நிற்பது மறுபடி தெரிந்தது.

"அது தின்னது எங்கட கிழங்கு," என்றார்.

"அதனால?"

"விளைஞ்சதுதான்."

செல்வநாயகி வெற்றிச் சிரிப்பு எதுவும் சிரிக்கவில்லை. கையைக் கழுவி, கைபேசியை எடுத்து, டாக்டர் பெடியனுக்கு இன்னும் இரண்டு வருடம் தாராளமாக இருக்கலாம் என்று சொன்னாள். வாடகையைக் கூட்டவும் இல்லை. பிறகு ஒரு தட்டில் அவித்த மரவள்ளியும் கீரையும் வைத்து அவருக்குக் கொடுத்தாள். தன் தட்டில் கறியை ஊற்றிக்கொண்டு எதிரே உட்கார்ந்து, இந்த நிலத்துக்கு வந்த நாளிலிருந்து முதல் முறையாக, அவசரமில்லாமல் சாப்பிட்டாள். அவர் தட்டைப் பார்த்தபடி கிழங்கைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

"பின்னேரம் முனியாண்டித் தம்பியிட்டப் போனால்," என்றாள், எலும்பை ஓரமாக வைத்துவிட்டு, "அந்தக் கூட்டத்தில இன்னும் எத்தனை நிக்குதெண்டு கேட்டுக்கொண்டு வாங்கோ."

முத்துக்குமாரு பின்னேரம் போனார்.