நடுரோட்டில் நின்ற ரோஸி

தவிட்டை உப்புடன் சேர்த்து இரும்புச் சட்டியில் வறுக்கும்போது ஒரு வாசம் எழும்பும். கொஞ்சம் கருகலும் கொஞ்சம் பசியுமாக இருக்கும். அது எங்கிருந்து வந்தாலும், வெள்ளைக்காரன் காலத்து ராயபுரத்தில், கல்மண்டபத்துச் சாலையின் நட்டநடுவில் ஒரு பந்தயக் குதிரை அசையாமல் நின்ற அந்தப் பொங்கல்தான் எனக்கு ஞாபகம் வரும்.

அப்பாவை நாங்கள் ‘நைனா’ என்று கூப்பிடுவோம். தோல் மண்டி முதலாளி ஒருவரிடம் அவர் குதிரைக்காரராக இருந்தார். முதலாளியின் குதிரை ரோஸிக்கு, கிண்டிப் பந்தயத்தில் ஓடி முன்னங்கால் நரம்பு வீங்கிவிட, உப்புத் தண்ணீரில் நின்றால் வீக்கம் வற்றும் என்று எங்கள் வீட்டை ஒட்டிய லாயத்துக்கு அவளை அனுப்பியிருந்தார்கள். காலையும் மாலையும் நைனா அவளை அலையில் முழங்காலளவு நிறுத்திவைத்து, பெற்ற பெண்ணான என்னிடம்கூடப் பேசாத கதையெல்லாம் அவளிடம் பேசிக்கொண்டிருப்பார். கால் தேறி, தினமும் மணலில் ஓடவும் தொடங்கிவிட்டாள்; பொங்கல் கழிந்ததும் கிண்டிக்குத் திரும்ப வேண்டியவள். ஓட முடியாத குதிரையைச் சுட்டுவிடுவது அந்நாளைய வழக்கமாதலால், அவள் பிழைத்துக்கொண்டாள் என்று வீடே நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதியைக் கெடுத்தது எங்கள் தெருவின் நல்ல மனசுதான். மாட்டுப் பொங்கலன்று ரோஸிக்கு ஓட்டம் இல்லை, லாயத்திலேயே நின்றாள். “மாட்டுக்கு மட்டுந்தான் பொங்கலா? இது இன்னா பாவம் பண்ணுச்சு?” என்று சொல்லிக்கொண்டு, ஆளுக்கொரு கை பொங்கலும் கரும்பும் ஊறவைத்த கொள்ளுமாக ஊட்டித் தள்ளினார்கள். கொம்பில்லாத குறைக்கு நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு வேறு. நைனாவுக்கு வாயெல்லாம் பல்.

மறுநாள் காணும் பொங்கல். ஊரே கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. ரோஸியும் நைனாவுடன் துள்ளிக்கொண்டு கிளம்பியவள், சாலையின் பாதியில் சட்டென்று நின்றாள். உடம்பெல்லாம் வேர்வை கொட்டியது. பின்னங்கால்கள் மரக்கட்டையாக விறைத்துக்கொண்டன. ‘திருஷ்டி’ என்று அம்மா மிளகாய் எடுக்க ஓடினாள். நைனாவோ வயிற்று நோவு என்று நினைத்துவிட்டார். வயிற்று நோவு கண்ட குதிரையைப் படுக்கவிடாமல் நடத்துவது வழக்கம். ஆகவே கயிற்றைப் பிடித்து இழுக்கத் தொடங்கினார். அவள் இரண்டடி வைத்துவிட்டு முனகினாள். பிறகு சிறுநீர் கழித்தாள். அது கடுங்காப்பி நிறத்தில் இருந்ததைக் கண்டதும் நைனாவின் கை தானாகக் கயிற்றை விட்டது.

வேப்பேரியிலிருந்து வந்த குதிரை டாக்டர் இளவயதுக்காரர். அவள் இடுப்பை அழுத்திப் பார்த்துவிட்டு, “இது வயித்து வலி இல்ல. சும்மா நின்ன நாள்ல வயிறுமுட்டத் தின்னுட்டு மறுநாள் கிளம்பினா பந்தயக் குதிரைக்கு இப்படித்தான் சதை இறுகிப் போகும். இனி ஓரடி நடத்தினாலும் உயிருக்கு ஆபத்து. சிறுநீர் தெளியற வரைக்கும் இங்கேயே நிக்கட்டும்” என்றார்.

“நடுரோடாச்சே, சார்?” என்றார் நைனா.

“அப்ப ரோட்டத்தான் நகத்தணும்.”

நாங்கள் நகர்த்தினோம், வேறென்ன! கடற்கரைக்குக் கிளம்பியவர்கள் பாதிப்பேர் அங்கேயே நின்றுவிட்டார்கள். மீன் விற்கும் கன்னியம்மா கட்டுமரத்துப் பாயைக் கொண்டுவந்து, நாலு கழி நட்டு, ரோஸியின் தலைக்குமேல் பந்தல் போட்டாள். எங்கள் வீட்டுக் கம்பளி குதிரையின் முதுகுக்குப் போயிற்று. பெண்கள் முறைபோட்டுத் தவிடு வறுத்துத் துணியில் கட்டிக் கொடுக்க, நைனா இடுப்பில் ஒத்தடம் கொடுத்தபடியே இருந்தார். தானியம் நின்றது, தண்ணீரும் தவிட்டுக் கஞ்சியும் புல்லும்தான். அடுத்த நாள் துறைமுகத்துக்குப் பஞ்சுப் பொதி ஏற்றி வந்த வண்டிக்காரர் ஒருவர், “இன்னாய்யா பேஜாரு, குதிரைய நடுவுல நிக்கவெச்சுகினு?” என்று கத்த, கன்னியம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, “வாயில்லாத ஜீவன் உசுருக்குப் போராடிகினு கீது. சுத்திகினு போயேன் மாமு!” என்றாள். அவர் வண்டியைச் சுற்றி ஓட்டினார்; பின்னால் வந்தவர்களும் அப்படியே போனார்கள். நைனா ஒத்தடத்தை விட்டு நகரவே இல்லை. தானே இழுத்து நடத்தியதுதான் அவளைக் கொன்றுவிடுமோ என்று அவருக்குப் பயம். எனக்கும் பயமாகவே இருந்தது.

அதற்கடுத்த காலை, ரோஸியின் சிறுநீர் இளமஞ்சளாகத் தெளிந்து விழுந்தது. குதிரை மூத்திரத்தைப் பார்த்து ஒரு தெருவே கன்னத்தில் போட்டுக்கொண்டதை நான் வேறெங்கும் கண்டதில்லை. டாக்டர் தலையசைத்தார். ரோஸி ஒரு காலைத் தூக்கி வைத்தாள், பிறகு இன்னொன்று. கூடவே நடக்கப் போன நைனா, இத்தனை நேரம் அவளோடு நின்றே கால் மரத்துப் போனதால், அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர் குழந்தைபோல அழுதார். “ரெண்டு பேர்ல ஒர்த்தராவது நடந்தாங்களே, அது போதும்” என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

இன்று அங்கே லாயம் இல்லை, பொதிவண்டி இல்லை. ரோஸி கால் நனைத்த மணலும் போய்க் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். போன வாரம் கல்மண்டபத்துச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எங்கள் பஸ் வெகுநேரம் சிக்கிக்கொண்டது. எல்லோரும் டிரைவரைத் திட்டினார்கள். எனக்கு மட்டும் கோபம் வரவில்லை. அதே இடத்தில் நின்று பிழைத்தவள் ஒருத்தியை எனக்குத் தெரியும்.