பழசு எங்கே?

எங்கள் பஸ் டிப்போவின் ஸ்டோர் கீப்பர் அக்காவிடம் ஒரு பல்பு வாங்குவதற்குள் மனிதனுக்கு வயசாகிவிடும். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். கையை நீட்டினால் முதல் கேள்வி, "பழசு எங்கே?" எரிந்துபோன பல்பைக் கொடுத்தால்தான் புது பல்பு. துடைப்பம் வேண்டுமென்றால் தேய்ந்த துடைப்பம் வந்தாக வேண்டும். ஒருமுறை மெக்கானிக் ஒருவர் உடைந்த ஸ்பேனரின் ஒரு பாதியை மட்டும் கொண்டுவந்தார். மறு பாதி எந்த பஸ்ஸுக்கு அடியில் விழுந்ததோ என்று அவர் கரடியாகக் கத்தியும் பலனில்லை. டார்ச் அடித்துத் தேடி எடுத்துவந்த பிறகே, 'இரண்டு துண்டுகளும் பெறப்பட்டன' என்று பதிவேட்டில் எழுதிவிட்டு அக்கா புதுசை நீட்டினார். அன்றிலிருந்து அவருக்கு 'பழசு அக்கா' என்றே பெயர். காதுபடக் கூப்பிடுவோம், கண்டுகொள்ள மாட்டார்.

இது உத்தியோகம் கொடுத்த குணம் அல்ல. அம்மா வேலைக்குப் போக, சின்ன வயசிலேயே வீட்டை நிர்வாகம் செய்தவர் அவர். தம்பி புது பென்சில் கேட்டால், கட்டை விரல் அளவுக்குக் கரைந்த பழைய பென்சிலைக் காட்ட வேண்டும். அந்தத் தம்பி வளர்ந்து டைல்ஸ் ஒட்டுகிறவர் ஆனார். அவர் பதித்த தரையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும் என்று அக்கா எங்களிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

நான் அங்கே டைம் கீப்பர். என் மேசையிலிருந்து அக்காவின் ஜன்னல் பத்தடி. எனக்கு எழுத்து நன்றாக வரும் என்று ஒரு நினைப்பு உண்டு. அதனால்தான் இந்த விஷயத்தில் நானாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம் தம்பி வேலை முடிந்து வரும் வழியில், குடிதண்ணீர் கேட்டுச் சாலையை மறித்த கூட்டத்துக்குள் அகப்பட்டுக்கொண்டார். போலீஸ் தடியடி நடத்தியது. அவருடைய வலது மணிக்கட்டு முறிந்தது. போலீஸ் மேலதிகாரிக்கு மனு கொடுத்தார். பதில் வந்தது: "லேசான தடியடி நடத்தப்பட்டது. எவருக்கும் காயமில்லை. மனுதாரர் ஓடும்போது தானாகத் தவறி விழுந்தார்." மேல்முறையீடு செய்ய அறுபது நாள் அவகாசம். அதற்குள் ஆதாரம் எதுவும் காட்டாவிட்டால், அவர் தானாக விழுந்தவர் என்பதே காகிதத்தில் நிலைத்துவிடும்.

காகிதத்தை விடுங்கள், வீட்டிலேயே நம்பவில்லை. தடி தன் கையில் பட்டு இரண்டாக முறிந்தது என்றார் தம்பி. சரி, இருக்கலாம். அடித்த போலீஸ்காரர் அந்தக் களேபரத்திலும் குனிந்து இரண்டு துண்டுகளையும் பொறுக்கிக்கொண்டு போனார் என்றார். இங்கேதான் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன். கல் பறக்கிற இடத்தில் நின்று எந்தப் போலீஸ்காரர் குச்சி பொறுக்குவார்? தம்பியின் மனைவியே, "வலியில கண்ணு இருட்டியிருக்கும், விடுங்க" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு தம்பி அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. யாராவது கேட்டால், "விழுந்துட்டேன்" என்று அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"துண்டை ஏன் பொறுக்குனாருன்னு யோசிச்சியா டைமு?"

"எனக்கெப்படிக்கா தெரியும்?"

"பழசைக் குடுக்காம புதுசு தரமாட்டாங்க. அங்கயும் என்னை மாதிரி ஒருத்தர் ஜன்னலுக்குப் பின்னாடி உக்காந்திருக்காரு. என் தம்பி பொய் சொல்றதா இருந்தாலும் இப்படி ஒரு பொய் சொல்ல அவனுக்கு வராது."

அரசாங்க அலுவலகத்தின் ஆவணங்களை யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம் என்று சட்டம் இருக்கிறது. அந்தப் போலீஸ் ஸ்டோரின் புத்தகத்தைக் கேட்டு எழுதச் சொன்னார் அக்கா. எனக்கு அது அற்பமாகப் பட்டது. ஒரு மனிதனின் கை முறிந்திருக்கிறது, குச்சிக் கணக்கா கேட்பது? நான் நாலு பக்கத்துக்கு வெளுத்து வாங்கினேன். 'லேசானது என்பதற்கு அளவு என்ன? ஓடுகிறவனை ஏன் அடித்தீர்கள்?' எழுதி முடித்து எனக்கே புல்லரித்தது. இருபத்தாறு நாள் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. கேள்விகளுக்கு விளக்கம் தர இயலாதாம், இருக்கிற ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் நகல் தரப்படுமாம்.

அக்கா திட்டுவார் என்று பயந்தேன். அவரோ பதிலைப் படித்துவிட்டு, "சரியாத்தானே சொல்லியிருக்காங்க? பொருள் பேரைப் போடாம 'எனக்கு ஏன் பிரேக் பிடிக்கல'ன்னு நீ சீட்டு குடுத்தா நானும்தான் திருப்பி அனுப்புவேன்" என்றார். எனக்கு நன்றாகவே மூக்கு உடைந்தது.

பொருளின் பெயரைத் தெரிந்துகொள்ள மறுநாள் இரண்டு பேரும் போலீஸ் அலுவலகத்துக்குப் போனோம். மாடிப்படிக்கு அடியில் ஸ்டோர் என்று ஒரு சிறிய அறை. எழுத்தர் ஒருவர் தலையை நிமிர்த்தாமல் "என்ன வேணும்?" என்றார். அக்கா கேட்டது மனுவைப் பற்றி அல்ல.

"சார், தடி, ஹெல்மெட், கேடயம் எல்லாம் ஒரே புக்கா, தனித்தனியா?"

எழுத்தர் நிமிர்ந்தார். இத்தனை வருஷத்தில் அவருடைய புத்தகத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை விசாரித்திருக்க மாட்டார்கள் போலும். "ஒரே புக்குதான். உடைஞ்சது மட்டும் தனி. உடைசல் பதிவேடுன்னு பேரு."

"உடைஞ்சதை முழுசா வாங்குவீங்களா?"

"பின்ன? துண்டு குறைஞ்சா எழுதவே மாட்டேன். யாரா இருந்தாலும் திரும்பப் போய் எடுத்துட்டு வரணும்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் தரையைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு அரைமணி நேரம் இரண்டு பேரும் கரையான், ஒழுகும் கூரை, கையெழுத்துப் போடாமல் பொருளை எடுத்துப்போகும் அதிகாரிகள் என்று பேசித் தீர்த்தார்கள். சம்பந்தி வீட்டாரைப் போல ஒரே உபசாரம். கடைசியில்தான் எழுத்தர் கேட்டார், "ஆமா, இதெல்லாம் எதுக்கும்மா உங்களுக்கு?"

"என் தம்பி கையில ஒரு தடி உடைஞ்சுது சார். அதோட வரியைப் பாக்கணும்."

எழுத்தர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். "பதிவேட்டு பேரையும் தேதியையும் மட்டும் எழுதுங்க. வேற ஒரு வார்த்தை எழுதாதீங்க" என்றார்.

அக்கா அங்கேயே எழுதினார். மொத்தம் ஒன்றரை வரி. பிறகு காத்திருந்தோம். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே நான் எழுந்து நிற்பேன். அக்கா வழக்கம்போல பல்பு வாங்க வந்தவர்களை வறுத்துக்கொண்டிருந்தார். ஆனால் தினமும் காலையில் சுவர்க் காலண்டரில் ஒரு நாளை அடித்துவிட்டுத்தான் ஜன்னலைத் திறப்பார்.

ஐம்பத்தாறாம் நாள் கவர் வந்தது. ஒரே ஒரு பக்கம். அதை எடுத்துக்கொண்டு நேராகத் தம்பி வீட்டுக்குப் போனோம். அவர் கூடத்தில் உட்கார்ந்து இடது கையால் ஒரு டைல்ஸைத் தரையில் வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். காகிதத்தை அவர் மனைவிதான் வாங்கிச் சத்தமாகப் படித்தார்.

"மூங்கில் தடி, ஒன்று. நடுவில் முறிந்தது. காரணம், கூட்டத்தைக் கலைக்கும்போது. இரண்டு துண்டுகளும் ஒப்படைக்கப்பட்டன."

கடைசி வரியை அவர் இன்னொரு முறை மெதுவாகப் படித்தார். பிறகு கணவன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நீங்க சொன்னது அப்படியே இருக்குங்க. நான்தான் நம்பல" என்றார். எனக்கும் வெட்கமாக இருந்தது. சிரித்தவர்களில் நானும் ஒருவன்தானே.

தம்பி காகிதத்தை வாங்கி, கடைசிக் கட்டம்வரை விரல் வைத்துப் படித்தார். "மாற்று வழங்கிய தேதி" என்று அதில் தடியடிக்கு மறுநாள் தேதி போட்டிருந்தது.

"அக்கா, அதுக்கு மறுநாளே புதுசு குடுத்துட்டாங்களா?"

"பழசைக் குடுத்துட்டா குடுத்துடுவோம்டா" என்றார் அக்கா, யோசிக்காமல்.

மேல்முறையீட்டை அந்தக் கூடத்திலேயே எழுத உட்கார்ந்தோம். இந்த முறை அக்கா சொல்ல, நான் எழுதினேன். அரைப்பக்கம்கூட வரவில்லை. கீழே 'இணைப்பு: உடைசல் பதிவேட்டின் நகல், ஒன்று' என்று முடிக்கப்போனேன்.

"இருங்க, இன்னொன்னு சேருங்க" என்றார் தம்பி. பல மாதங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு குறும்பு தெரிந்தது. வளைந்து கூடியிருந்த வலது மணிக்கட்டை, பென்சில் கேட்கிற பையன் மாதிரி அக்காவுக்கு நேரே நீட்டினார்.

"வலது மணிக்கட்டு, ஒன்னு. பழசைக் கையோட கொண்டுவந்திருக்கேன். புதுசு எப்போ தருவாங்கன்னு கேளுக்கா."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார், பிறகு அடக்க முடியாமல் அழுதார்.