காத்தவராயன் லைனில் இருக்கிறார்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இசைவாணியின் பெயர் தொலைந்துபோனது.

அப்போது அவள் கடலூரில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். சென்னையில் உள்ள ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம் ஆன்லைனில் தேர்வு வைத்து, மாணவர்கள் சிலரைப் பகுதிநேரப் பயிற்சிக்கு எடுத்திருந்தது. பார்சல் அனுப்பும் செயலி ஒன்றை அவர்கள் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். அதை எல்லா வகையிலும் தட்டிப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று எழுதிக் கொடுப்பது இசைவாணியின் வேலை. கல்லூரி விட்டு வந்து வீட்டிலிருந்தே செய்யலாம். பயிற்சி ஆறு மாதம். முடிவில் ஒருவருக்கு நிரந்தர வேலை. ஒரே ஒருவருக்கு.

சேரும்போது நிரப்பிய படிவத்தில் 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. கடைசிப் பெயர் என்று ஒன்று அவர்கள் வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை. இன்ஷியலை மட்டும் போட்டாள். கட்டம் சிவப்பாகி மறுத்தது. வேறு வழி தெரியாமல் அப்பாவின் பெயரை முழுதாக அடித்தாள். மறுநாள் காலை, கடைசிப் பெயர் முன்னால் வந்து, அவள் பெயர் ஓரெழுத்தாகி, அலுவலகக் குழுவில் 'காத்தவராயன் இ.' என்று ஒருவர் வந்து சேர்ந்திருந்தார்.

"வெல்கம் காத்தவராயன்!" "வாங்க ப்ரோ!" என்று வாழ்த்துகள் குவிந்தன. திருத்த நினைத்து எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். வந்த அன்றே பெரியவர்களைப் பார்த்து 'நீங்கள் சொன்னது தப்பு' என்று எப்படிச் சொல்வது? அவள் யோசித்து முடிப்பதற்குள் அவர்கள் பேச்சு வேறெங்கோ போயிருந்தது.

குரலைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் குழுவின் காலைக் கூட்டம் நடக்கும் நேரத்தில் அவள் சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் தனியார் பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருப்பாள். மைக்கைத் திறந்தால் பாட்டும் ஹாரனும் "ஆலப்பாக்கம்லாம் எறங்கு" என்ற கண்டக்டரின் கத்தலும்தான் போகும். அதனால் சொல்ல வேண்டியதையெல்லாம் தட்டச்சு செய்தே அனுப்பினாள். காத்தவராயன் அதிகம் பேசாதவர் என்று குழுவில் பெயராகிவிட்டது.

உண்மையான காத்தவராயன் நிறையப் பேசுகிறவர். சிதம்பரத்தை ஒட்டிய ஒரு ஊராட்சியில் தண்ணீர் டேங்க் ஆப்பரேட்டர். மோட்டார் போடுவது, தெருத்தெருவாக வால்வைத் திருப்பிவிடுவது அவர் பொறுப்பு. "ஏ காத்தா, எங்கத் தெருவுக்கு எப்பய்யா தண்ணி வுடுவ?" என்று அவர் வயதில் பாதி இல்லாதவர்களும் கேட்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். அதில் வருத்தம் இருந்ததாக அவர் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு மாலை, இசைவாணியின் போனில் அவள் குழுத் தலைவர் ராஜ்கமல் அனுப்பிய குரல் செய்தி ஓடியது.

"காத்தவராயன் செமையா பண்ணிருக்காரு. அவரு சொன்ன பாயிண்ட்ட நம்மள்ல யாருமே பாக்கல."

கை கழுவிக்கொண்டிருந்த காத்தவராயன் திரும்பிப் பார்த்தார். "எந்தக் காத்தவராயனம்மா சொல்றாரு?"

"என்னத்தாம்ப்பா. ஒன் பேர்லதான் சேந்திருக்கேன்." நடந்ததைச் சொன்னாள்.

அவர் சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் அங்கேயே நின்றார். "இன்னொரு வாட்டி போடேன்."

போட்டாள். பண்ணிருக்காரு. அவரு. நாற்பத்தெட்டு வயதில் தன் பெயரோடு அந்த 'ரு' ஒட்டிக்கொண்டு வந்ததை அவர் கேட்டார். கண்கள் எங்கோ நிலைகுத்தி நின்றன. அன்றிலிருந்து மாலை நேரத்தில் டீ குடிக்க என்று ஏதாவது ஒரு சாக்கில் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்.

அங்கன்வாடியில் உதவியாளராக இருக்கும் மனைவி மங்கலத்துக்கு இது பிடிக்கவில்லை.

"ஏன்டி, ஒனக்குப் பேரு வெச்சது எதுக்கு? பத்து மாசம் சொமந்தவ நானு, படிச்சு வேல பாக்கறவ நீ, பேரு வாங்கறது மட்டும் இந்த மனுஷனா?"

"ஏன், என் பேருக்கு என்னா கொறச்சல்?"

"ஒண்ணும் கொறச்சல் இல்ல சாமி. ஜாஸ்தியாத்தான் ஏறிப்போச்சு."

ஆறு மாதம் முடிந்து, நிரந்தர வேலைக்கான கடைசி நேர்காணல் ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. கேமராவைத் திறந்து வைத்துப் பேச வேண்டும். இசைவாணி தலை வாரி, இஸ்திரி போட்ட சுடிதாரில், மடிக்கணினி முன் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் ராஜ்கமலும் நிறுவனத்தின் மேலாளர் காயத்ரியும்.

"ஹலோ, காத்தவராயனைக் கூப்பிடறீங்களாம்மா?" என்றார் ராஜ்கமல்.

"சார்... நான்தான் சார்."

"நீங்க அவரு சிஸ்டரா? அவரு எங்க?"

வாசல் நிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்த காத்தவராயனுக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. ஒரு பெரிய இடத்திலிருந்து தன்னை மரியாதையாகக் கூப்பிடும்போது போகாமல் இருப்பதா? துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு, மகளின் பின்னால் போய் நின்று கும்பிட்டார்.

"வணக்கம் சார். நான்தாங்க காத்தவராயன்."

"ஆறு மாசமா எங்களுக்கு வேலை பாத்தது நீங்களா?"

"அய்யய்யோ, இல்லீங்க. நான் தண்ணி வுடற வேலைங்க. பாப்பாதான் என் பேர்ல..."

காயத்ரியின் முகம் இறுகியது. "ஒருத்தர் பேர்ல சேந்து இன்னொருத்தர் வேலை பாக்கறது. போன வருஷம் ஏமாந்தது போதும், ராஜ்கமல். இதுல பேச ஒண்ணுமில்ல."

திரை கறுத்தது.

இசைவாணி அசையவில்லை. ஆறு மாதம் பஸ்ஸில் நின்றும், பரீட்சைக்கு நடுவிலும் செய்த வேலை ஒரு நொடியில் திருட்டாகிவிட்டது.

"நான் வந்திருக்கக் கூடாது இல்ல?" என்றார் காத்தவராயன்.

அடுப்படியிலிருந்து மங்கலம் வந்தாள். "கல்லு மாதிரி ஒக்காந்திருந்தா ஆச்சா? திருப்பிக் கூப்புடுடி. நீ செஞ்ச வேலைய நீதான சொல்லணும்?"

இசைவாணி இணைப்பை அழுத்தினாள். அவர்கள் இருவரும் இன்னும் அங்கேதான் இருந்தார்கள்.

"மேடம், கொஞ்ச நேரம் குடுங்க. செயலியத் தொறக்கறேன். நீங்க பாருங்க, போதும்."

பதிலுக்குக் காத்திராமல் இசைவாணி தன் திரையை அவர்களுக்குக் காட்டினாள். பார்சல் அனுப்பும் புதிய வாடிக்கையாளராகத் தன்னைப் பதிவு செய்தாள். முதல் பெயர், இசைவாணி. கடைசிப் பெயர், இன்ஷியல் மட்டும். 'செல்லாத பெயர்' என்று கட்டம் சிவந்தது.

"இது தப்புன்னு சேந்த ரெண்டாவது வாரமே எழுதினேன் சார். பெரிய விஷயமில்லன்னு நீங்கதான் மூடினீங்க."

ராஜ்கமல் தன் கணினியில் எதையோ தேடினார். "ஆமா. காத்தவராயன் எழுதினது இருக்கு."

"நான் எழுதினது சார். எங்க ஊர்ல யாருக்கும் கடைசிப் பேரு கெடையாது. ஒரு எழுத்துதான். அத ஒத்துக்கலன்னா அப்பா பேர முழுசாப் போடணும். பார்சல் வாங்கப் போறவன் அப்பா பேர்ல போய் நிப்பான். உங்க ஆபீஸ் படிவத்துலயும் இதே தப்புதான். அதான் எங்கப்பா உங்ககிட்ட வேலைக்குச் சேந்துட்டாரு."

ராஜ்கமலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காயத்ரி சிரிக்கவில்லை. "அப்போ ஆறு மாசமா ஏன் சொல்லல?"

"மொதல்ல பயம் மேடம். அப்புறம், எங்க வீட்டுல ஒருத்தருக்கு அந்தப் பேர மரியாதையாக் கேக்கறது புடிச்சிருந்துச்சு."

காயத்ரி கேள்விகளைத் தொடங்கினார். அவள் கண்டுபிடித்த ஒவ்வொரு பிழையையும் எப்படிக் கண்டாள், ஏன் அங்கே போய்ப் பார்த்தாள், திருத்திய பிறகு எதைச் சோதித்தாள் என்று விடாமல் கேட்டார். ஒன்றிரண்டுக்குத் தெரியாது என்றாள். மற்றதற்கெல்லாம் திரையைத் திறந்தே காட்டினாள். கடைசியில் காயத்ரி கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ராஜ்கமல், சிஸ்டத்துல பேரை மாத்துங்க. எப்படிம்மா போடணும்?"

இசைவாணி திரும்பிப் பார்த்தாள். கேமராவுக்குத் தெரியாத மூலையில் ஒதுங்கி நின்ற காத்தவராயன், என்னை எடுத்துவிடு என்று இரண்டு கையாலும் சைகை காட்டினார்.

"இசைவாணி. அவ்வளவுதான் மேடம்."

"கடைசிப் பேரு கேக்குமே?" என்றார் ராஜ்கமல்.

"நீங்க சரி பண்ற வரைக்கும் ஒரு புள்ளி வெச்சுக்குங்க சார்."

"அவராப் பண்ற வரைக்கும் ஏன் காத்திருக்கணும்?" இப்போது காயத்ரியும் சிரித்தார். "வேலை உனக்குத்தான். நீயே பக்கத்துல ஒக்காந்து பண்ண வை."

வீட்டுக்கு வெளியே காத்தவராயன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்னாலேயே வந்த மங்கலம் எட்டிப் பார்த்தாள்.

"என்னாது, அழுவறியா? பேரு போச்சேன்னா?"

"பேரு எங்கடி போச்சு?" என்றார் அவர், சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டபடி. "ஆறு மாசம் வேல பாத்துட்டு ரிட்டயர் ஆயிடுச்சு."