செவ்வாய்க்கிழமை ஆட்டக்காரர்

எங்கள் கல்லூரியில் ஃபுட்பால் ஆட்டம் (பந்தைக் கையில் ஏந்தி மோதிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம்) நடக்கும் சனிக்கிழமைகளில், வடக்குக் கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கூடாரம் போடுவோம். எந்தக் காலத்திலோ கல்லூரிக்காக விளையாடியவர்கள் ஆட்டம் பார்க்க வந்தால், அவர்களுக்கு அங்கே சாப்பாடும் நாற்காலியும் உண்டு. சமையல் ஆர்லிஸ் பிராண்ட்வோல்ட். வாசல் நான். எண்பதுகளில் சாஃப்ட்பால் ஆடி முட்டியைத் தொலைத்தவள் என்பதால், உட்கார்ந்து செய்கிற வேலை எனக்கு.

ஆர்லிஸுக்கு எழுபத்திரண்டு வயது. அவர் எதையும் விளையாடியதில்லை, ஓடிக்கூட யாரும் பார்த்ததில்லை. இருபத்தாறு வருஷம் ஃபுட்பால் அணிக்குத் துணி துவைத்தார். ஓய்வு பெற்ற மறுவாரமே கரண்டியோடு கூடாரத்துக்கு வந்துவிட்டார். "வீட்ல உக்காந்து என் புருஷன் மூஞ்சியப் பாக்கவா?" என்றார். அந்த மனிதர் பக்கத்தில் நின்றுதான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

ஆர்லிஸின் சில்லிக் குழம்புக்கும் இலவங்கப்பட்டை ரோலுக்கும் மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி வருகிறவர்கள் இருக்கிறார்கள். சோறு கண்ட இடம் சொர்க்கம் என்று ஆடாதவர்களும் வருவார்கள். போன வருஷம் தரைவிரிப்பு விற்கிற ஒருவன், தான்தான் இருபத்திரண்டாம் நம்பர் என்று சொல்லி இரண்டு கிண்ணம் காலி செய்துவிட்டுப் போனான். அதிலிருந்து நான் கறார். அலுவலகம் தரும் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், ஆடியபோது போட்ட சட்டையின் நம்பர் சொல்ல வேண்டும். பிறகுதான் பெயர் அட்டை.

அக்டோபரில் பழைய மாணவர்கள் வரும் வாரம். ஐம்பது தாண்டிய ஒருவர், மகளோடு வந்து நின்றார்.

"பேரு?"

"ராய்ஸ் வாவ்ரா."

பட்டியலில் இல்லை. "நம்பர்?"

கொஞ்சம் யோசித்தார். "ஒரு வாரம் நாப்பத்தி நாலு. அடுத்த வாரம் அம்பத்தொண்ணு. அப்புறம் தொண்ணூறுன்னு நெனைக்கிறேன்."

என் வாய் சும்மா இருக்குமா? "என்ன சார், லாட்டரி நம்பரா சொல்றீங்க? தன் நம்பரையே மறந்த ஆட்டக்காரர இன்னிக்குத்தான் பாக்குறேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை. "அப்பா, நாலு வருஷம் ஆடினேன்னுதான சொன்னீங்க? காலேஜோட பழைய ஆண்டு மலர்ல தேடினப்பவும் உங்க பேர் இல்ல," என்றாள் மெதுவாக. குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள். அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. ஒரு கிண்ணம் குழம்புக்காக அல்ல, பெற்ற பெண்ணின் முன்னால் பொய்யனாகாமல் இருக்க அந்த மனிதர் நின்றுகொண்டிருந்தார். அது புரிந்தும் நான் இறங்கிவரவில்லை. "பட்டியல்ல இல்லன்னா நான் என்ன பண்ணட்டும்?" என்றேன்.

"பரவால்லம்மா. வா டெஸ்ஸா, போலாம்."

"யாரு போறது?" கரண்டியில் குழம்பு சொட்டச் சொட்ட ஆர்லிஸ் வெளியே வந்தார். வந்தவரை ஏற இறங்கப் பார்த்தார். "ராய்ஸ் தான? ஏண்டா, வர்றதுக்கு முப்பது வருஷமா ஒனக்கு?" பிறகு என் பக்கம் திரும்பினார். "ட்ரூடி, இவன்கிட்ட நம்பர் கேட்டா எப்படிச் சொல்லுவான்? திங்கக்கிழமைக்குத் திங்கக்கிழமை நான்ல மாத்தி மாத்திக் குடுத்தேன்."

ஃபுட்பாலில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்த சனிக்கிழமை மோதப்போகிற அணியாகச் சில பையன்கள் வேஷம் கட்டி, வாரம் முழுக்க நம் பெரிய ஆட்டக்காரர்களோடு மோதுவார்கள். எதிரணியில் யார் கெட்டிக்காரனோ அவன் நம்பரை மாட்டிக்கொள்வார்கள். செவ்வாய்க்கிழமைதான் கடுமையான அடி. சனிக்கிழமை சலவைச் சட்டையோடு ஓரமாக நிற்பார்கள். மைதானத்தில் கால் வைக்காதவன் பெயர் பட்டியலில் ஏறாது. இதெல்லாம் எனக்கும் தெரியும். அன்றைக்கு மண்டையில் ஏறவில்லை.

ஆர்லிஸ் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "கர்டிஸ், இங்க வா."

கர்டிஸ் மேஹ்யூ அந்தக் காலத்தில் எங்கள் அணியின் நட்சத்திரம். பந்தைக் கையில் வாங்கினால் யாராலும் பிடிக்க முடியாது. வாயில் ரோலோடு வந்தவர், ராய்ஸைப் பார்த்ததும் குழம்புக் கிண்ணத்தை என் பட்டியல் மேலேயே வைத்துவிட்டார்.

"ஏம்மா, இவரு ஒன் அப்பாவா?" என்று டெஸ்ஸாவிடம் கேட்டார். "செவ்வாய்க்கிழமை இவர்கிட்ட வாங்கின அடிய வேற எவன்கிட்டயும் நான் வாங்கினதில்ல. சனிக்கிழமை எனக்கு லீவு நாள் மாதிரி இருந்துச்சுன்னா, அது இவராலதான்." ராய்ஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அப்பவே நன்றி சொல்லியிருக்கணும். எனக்குத்தான் புத்தி இல்ல."

நான் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். பெயர் அட்டையில் நம்பர் எழுதும் இடத்தில் 'செவ்வாய்' என்று எழுதிக் கொடுத்தேன். அன்று ஆர்லிஸ் குறுக்கே வராவிட்டால் ஒரு பெண்ணின் மனத்திலிருந்து அவள் அப்பாவை நான் இறக்கியிருப்பேன். அதற்காக அவருக்கு நான் உயிருள்ளவரை கடமைப்பட்டிருக்கிறேன்.

மேஜையில் டெஸ்ஸா கேட்டாள். "ஏம்ப்பா இத எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"என்னன்னு சொல்றது? ஒரு மேட்ச்ல கூட எறங்கல. யாரும் பாக்காத ஆட்டம்மா அது."

"ஏன், நான் பாத்தேனே," என்றார் ஆர்லிஸ், ராய்ஸின் கிண்ணத்தில் குழம்பு ஊற்றியபடி. "சலவை ரூம் ஜன்னல் நீங்க பயிற்சி பண்ற மைதானத்தப் பாத்துதான இருக்கு? நாலு வருஷத்துல நீ ஒரு செவ்வாய்க்கிழமை கூட வராம இருந்ததில்ல. எந்திரிக்க முடியாமக் கெடந்து, எந்திரிச்சு, திரும்பப் போய் நிப்ப. மெஷின நிறுத்திட்டுப் பாத்திருக்கேன்டா."

ராய்ஸ் ஸ்பூனைக் கீழே வைத்தார். அதுவரை தாக்குப்பிடித்தவருக்கு அதற்கு மேல் முடியவில்லை. "தேங்க்ஸ்மா," என்று மட்டும் சொன்னார்.

ஆட்டம் தொடங்கப் பத்து நிமிஷம் இருந்தது. வெளியே பாண்டு வாத்தியம் முழங்கியது. ஊரே அரங்கத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. டெஸ்ஸா எழுந்து, "அந்த ஜன்னல் எங்க இருக்கு? எனக்குக் காட்டுறீங்களா?" என்று ஆர்லிஸிடம் கேட்டாள்.

ஆர்லிஸ் கரண்டியை என்னிடம் நீட்டினார். மூவரும் கூட்டத்துக்கு எதிர்த் திசையில், சலவை அறை ஜன்னலையும் காலியாகக் கிடந்த பயிற்சி மைதானத்தையும் பார்க்க நடந்து போனார்கள்.