இன்றைக்கு இவர் சாப்பிட வந்தவர்

நான் ரொறன்ரோவில் வந்து இறங்கியது தொண்ணூற்று நாலாம் ஆண்டு கார்த்திகை மாதம். என் கணவர் அதற்கு நாலு வருடம் முன்பே வந்துவிட்டார். கல்யாணம் முடித்து ஒன்றாக இருந்தது எட்டே மாதம். பிறகு நாலு வருடமும் கடிதத்தில்தான் குடும்பம் நடந்தது. "இங்கே ஒரு ரெஸ்ரோறன்ரில் வேலை" என்று எழுதுவார். என்ன வேலை என்று எழுதமாட்டார். மன்னாரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்த மனுசன், கணக்குப் பார்க்கிற வேலையாக இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

பார்க்டேல் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் ஆறாம் மாடியில் எங்களுக்கு ஒற்றை அறை வீடு. அவர் காலையில் வெளிக்கிட்டால் இருட்டின பிறகுதான் வருவார். நான் பகலில் ஆங்கில வகுப்புக்குப் போவேன். மார்கழியில் ஒரு நாள், அவர் மூக்குக்கண்ணாடியை மேசையில் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு நாலடிக்கு அப்பால் எல்லாம் புகைதான். விலாசம் எழுதின துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்றீற்கார் ஏறிப் போனேன்.

அது ஒரு ஆங்கிலேயரின் மீன் கடை. பிஷ் அன்ட் சிப்ஸ் கடை. வாசலில் பச்சை வெள்ளை ஓடு பதித்திருந்தது. உள்ளே மர ஆசனங்கள், சுவரில் மகாராணியின் படம், ஒவ்வொரு மேசையிலும் மண்ணிற வினிகர் போத்தல். கதவைத் தள்ளினதும் மணி கிலுங்கியது. வயதான ஒரு பரிசாரகி, ஸ்கொட்லாந்துக்காரி என்று பிறகு தெரிந்தது, "ஒருவரா?" என்று சிரித்தபடி கேட்டாள். நான் வாயைத் திறக்க முதல், கண்ணாடி இல்லாமலும் என் சேலை நிறம் தெரிந்ததோ என்னவோ, உள்ளேயிருந்து இவர் ஓடி வந்தார். தலையில் வெள்ளைத் தொப்பி, இடுப்பில் மாவும் எண்ணெயும் ஊறின ஏப்ரன். என் முழங்கையைப் பிடித்து வாசலுக்குத் திருப்பினார்.

"இதாலை வரக்கூடாது. பின்பக்கத்தாலை வாரும்."

சுற்றிக்கொண்டு கடைக்குப் பின்னால் இருந்த ஒடுங்கிய ஒழுங்கைக்குப் போனேன். கிழங்கு மூட்டைகளும் எண்ணெய்த் தகரங்களும் குவிந்து கிடந்தன. உருகி உறைந்த கறுப்புப் பனி. அவர் கதவை அரைவாசி திறந்து கண்ணாடியை வாங்கினார்.

"முன்னாலை வரக்கூடாதெண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. அது அப்பிடித்தான்."

ஸ்றீற்காரில் திரும்பி வரும்போது எனக்குக் கோபம் அவரிலா, கடையிலா, யாரில் என்று விளங்கவில்லை. ஊரில் நான் தபால் கந்தோரில் வேலை செய்தவள். கவுண்டருக்கு முன்னால் யார் வந்தாலும், சோதனைச் சாவடி அதிகாரி வந்தாலும், வரிசையில் நில்லுங்கள் என்று சொன்னவள். ஒருவரும் சொல்லாத ஒரு சட்டத்துக்கு என் கணவர் நாலு வருடமாகக் கீழ்ப்படிந்திருக்கிறார். வீடு வந்து சேரும்போது தீர்மானித்துவிட்டேன். அந்தக் கடைக்கு முன்வாசலால் போய், மேசையில் இருந்து, நாங்கள் இருவரும் சாப்பிட வேண்டும்.

அன்றிரவு கேட்டபோது, கிழங்கு உரிக்கிறதும் கோப்பை கழுவுகிறதும்தான் வேலை என்றார். தை மாதம் எங்கள் கல்யாண நாள் வந்தது. ஐந்தாவது. அது புதன்கிழமை, அவருக்கு லீவு. சில நாள் முன்பே, எங்கே சாப்பிடப் போவோம் என்று அவராகவே கேட்டார். நான் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"உமக்கென்ன விசரே? வேறை எங்கையும் போவம். சைனீஸ் கடைக்குப் போவம்."

"இல்லை. அங்கைதான்."

"நான் வேலை செய்யிற இடத்திலை போய் நான் எப்பிடி இருந்து சாப்பிடுறது?"

"வாயாலைதான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மூன்று நாள் அவர் கெஞ்சிப் பார்த்தார், கோபித்துப் பார்த்தார். நான் அசையவில்லை. கடையின் மெனுத் தாள் ஒன்று வீட்டில் கிடந்தது. அதை வகுப்புக்குக் கொண்டு போய் ரீச்சரிடம் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிப் பழகினேன். ஹலிபட் என்ற மீன் பேரை மட்டும் இருபது தரம் சொல்லியிருப்பேன்.

புதன்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வெளிக்கிட்டோம். நான் நீலச் சேலையும் அதற்கு மேல் யாரோ கொடுத்த பெரிய கோட்டும். அவர் கல்யாணத்துக்குப் பிறகு போடாத வெள்ளைச் சேட்டு. கடையை நெருங்கினதும் அவருடைய கால்கள் தாமாகவே ஒழுங்கைப் பக்கம் திரும்பின. நாங்கள் றோட்டில் கை பிடித்து நடக்கிற ஆட்கள் இல்லை. அன்றைக்குப் பிடித்தேன்.

ஸ்கொட்லாந்துக்காரி முதலில் இவரை மட்டுக்கட்டவில்லை. தொப்பி இல்லாமல் கண்டதில்லை போலிருக்கிறது. பிறகு, "ஓ, நீயா! எதையாவது மறந்து வைத்துவிட்டாயா?" என்று கேட்டாள்.

இவர் கதவுப் பக்கம் திரும்பினார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "இருவருக்கு ஒரு மேசை, தயவுசெய்து."

அவள் ஒரு கணம் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெனுவை எடுத்துக்கொண்டு எங்களைப் பின்னால், கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்து மேசைக்குக் கூட்டிப் போனாள். இவர் கதிரையை இழுக்கத் தொடங்கிவிட்டார். சன்னலோரம் மூன்று மேசை வெறுமையாகக் கிடந்தது.

"அந்த மேசை" என்று கையைக் காட்டினேன். "அதுதான் எங்களுக்கு விருப்பம்."

"தாராளமாக, டியர்" என்றாள் அவள். அவளில் குற்றம் இல்லை என்று இப்போது நினைக்கிறேன். இவர் வெளியே தெரியாமல் இருக்கத்தான் விரும்புவார் என்று அவள் நினைத்திருக்கலாம். அது உண்மையும்தான்.

ஹலிபட் இரண்டு கேட்டேன். ஒரே தரத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது. தேநீர் கேத்திலில் வந்தது, வெண்ணெய் பூசின பாண் வந்தது. பிறகு மீன் வந்தது, தட்டையான கோப்பையின் இரண்டு விளிம்பையும் தாண்டின நீளம். மன்னாரில் பிறந்து வளர்ந்தவளுக்கு மீனைப் பற்றி யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஒரு துண்டு வாயில் வைத்தேன். உப்பில்லை, உறைப்பில்லை, புளியில்லை. இதற்காகவா சனங்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்று நினைத்தேன்.

இவர் சாப்பிடவில்லை. முள்ளுக்கரண்டியால் பொரிந்த மாவைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்த்தார். அங்கே வெளிறின பச்சை மாவு மீனில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"எண்ணெய் சூடு காணாது" என்று முணுமுணுத்தார். "இண்டைக்கு முதலாளிதான் பொரிக்கிறார்."

"மற்ற நாளிலை ஆர் பொரிக்கிறது?"

அவர் தலையைத் தூக்கவில்லை. "நான்தான்."

"கிழங்கு உரிக்கிறன், கோப்பை கழுவுறன் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"அதுவும் செய்யிறன். ரெண்டு வரியமா மீனும் நான்தான். சொல்ல என்ன கிடக்கு?"

சொல்ல என்ன கிடக்கு! இரண்டு வருடமாக ஒரு கடிதத்திலும் எழுதாத சங்கதி. அந்த நேரம் இரண்டு மேசை தள்ளி இருந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி தங்கள் கோப்பைகளைத் திருப்பி அனுப்பினார்கள். உள்ளே ஏதோ தகரம் விழுந்த சத்தம். குசினிக் கதவு திறந்தது. முதலாளி வெளியே வந்தார். பெரிய உடம்பு, அறுபது வயதிருக்கும், முகம் இறால் போலச் சிவந்திருந்தது. இவரைக் கண்டதும் அந்த முகத்தில் ஒரு நிம்மதி. நேராக எங்கள் மேசைக்கு வந்தார்.

"நல்ல வேளை, நீ வந்தாய்! அடுப்பு சரியில்லை. வா, ஐந்து நிமிடம், ஒருக்கால் பார்."

என்னை அவர் பார்க்கவேயில்லை. இவர் மடியில் கிடந்த துண்டை மேசையில் வைத்துவிட்டு எழும்பத் தொடங்கினார். பாதி எழும்பிவிட்டார். நான் எட்டி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன்.

"இருங்கோ."

பிறகு முதலாளியைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த வசனத்தை எந்த வகுப்பிலும் பழகவில்லை. "இன்றைக்கு இவர் வேலைக்கு வரவில்லை. இன்றைக்கு இவர் சாப்பிட வந்தவர்."

முதலாளி அப்போதுதான் என்னைப் பார்த்தார். விளக்கம் சொன்னால் நல்லது என்று நினைத்து, "இன்றைக்கு எங்கள் கல்யாணம்" என்றேன்.

"இன்றைக்கா?" ஸ்கொட்லாந்துக்காரி தேநீர்க் கேத்திலோடு ஓடி வந்தாள். "இன்றைக்கா கல்யாணம் செய்தீர்கள்?"

"ஓம். ஐந்து வருடத்துக்கு முன்பு."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். முதலாளி சிரிக்கவில்லை. ஏப்ரனில் கையைத் துடைத்தபடி நின்றார். இவரைத் திட்டப் போகிறாரா, என்னையா என்று தெரியாமல் நான் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தேன். கடைசியில் அவர் இவரிடம் மெதுவாகக் கேட்டார்: "நீ என்றால் என்ன செய்வாய்?"

இவர் கதிரையில் திரும்ப இருந்தார். இருந்தபடியே சொன்னார். அடுப்பில் பிழையில்லை, ஒரே நேரத்தில் கனக்கத் துண்டு போட்டால் எண்ணெய் ஆறிவிடும், நாலுக்கு மேல் போடக் கூடாது, ஒவ்வொரு தரமும் எண்ணெய் திரும்பச் சூடாகும் வரை பொறுக்க வேண்டும், மாச்சட்டியைப் பனிக்கட்டிக்குள் வைத்துக் குளிரப் பண்ண வேண்டும். உடைந்த ஆங்கிலம்தான், ஆனால் எங்கும் தடுமாறவில்லை. அந்தப் பெரிய மனிதர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார். சங்கக்கடையில் சாமான் இறக்குகிறவர்களுக்கு இவர் ஒழுங்கு சொல்லுகிற குரல் அது. நாலு வருடத்துக்குப் பிறகு கேட்டேன்.

முதலாளி உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில், நாங்கள் கேளாமலே, புதிதாகப் பொரித்த இரண்டு மீன் வந்தது. இவர் கரண்டியால் தட்டினார், மாவு சடக்கென்று வெடித்தது. "பரவாயில்லை" என்றார். அதன் பிறகுதான் சாப்பிடத் தொடங்கினார். வினிகரைச் சிப்ஸில் எப்படி ஊற்றுவது என்று எனக்குக் காட்டினார். நான் மிளகுத் தூள் கேட்டு வாங்கி அரைப் போத்தலைக் கொட்டினேன்.

ஸ்றீற்காரில் ஏறினதும் வெடித்தார். "வேலை போனா என்ன செய்யிறது எண்டு ஒருக்கா யோசிச்சனீரோ?"

"போகாது. நீங்கள் இல்லாட்டி அவருக்கு மீன் பொரிக்கத் தெரியாது."

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் பயம்தான். வியாழக்கிழமையும் அவருக்கு லீவு, அன்று முழுதும் என்னோடு கதைக்கவில்லை. வெள்ளிக்கிழமை வேலைக்குப் போய்த் திரும்பி வரும்வரை நான் சன்னலுக்கும் அடுப்புக்குமாக நடந்தேன். வந்தவர், "ஒண்டும் கேக்கேல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். எங்கள் கத்தோலிக்கத் தவக்காலம் வந்தது. இயேசு சிலுவையில் மரித்த பெரிய வெள்ளிதான் அந்தக் கடைக்கு வருடத்திலேயே பெரிய நாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நாங்கள் ஒருசந்தியாக, ஒரே வேளை உணவோடு இருந்து கஞ்சி குடிக்கிற அந்த நாளில் இந்த ஊர்ச் சனம் மீன் சாப்பிட வரிசையில் நிற்கும். அதனால் இவர் வந்த நாளிலிருந்து ஒரு பெரிய வெள்ளிக்கும் கோயிலுக்குப் போனதில்லை. அதுவும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் அதைப் பற்றி எதுவும் கேட்கவும் இல்லை.

பெரிய வெள்ளிக்கு முந்தின குருத்தோலை ஞாயிற்றுக்கு முதல் நாள் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது சொன்னார்: "வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு ரெடியா நில்லும். மூண்டு மணி வழிபாட்டுக்குப் போவம்."

"முதலாளி விட்டவரோ?"

"கத்தினவர். அண்டைக்கு ஒருத்தருக்கும் லீவில்லை, வேறை ஆளைப் பாப்பன் எண்டவர்."

"நீங்கள்?"

"பாருங்கோ எண்டனான். காலமை வந்து எல்லாத்தையும் ஆயத்தம் பண்ணித் தருவன், ரெண்டிலை இருந்து அஞ்சு மட்டும் நிக்கமாட்டன், அஞ்சுக்குப் பிறகு கடை பூட்டுமட்டும் நிப்பன் எண்டனான்."

"அதுக்கு அவர் என்ன சொன்னவர்?"

"அவர் ஒண்டும் சொல்லேல்லை. நான்தான் சொன்னனான்."

பெரிய வெள்ளியன்று கோயில் நிரம்பி வழிந்தது. தமிழ்ச் சனம் சுவரோரம் எல்லாம் நின்றது. சிலுவையை முத்தமிட வரிசை ஊர்ந்தது. இவர் எனக்கு முன்னால் நின்றார். முறை வந்தபோது முழங்காலில் விழுந்தவர் எழும்ப நேரமெடுத்தார். பின்னால் நின்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். நானும் அவசரப்படுத்தவில்லை.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைக்குப் போய்ச் சேர்ந்தோம். சனம் மூலை வரை வளைந்து நின்றது. இவர் கோட்டுப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே அந்தச் சனத்தை விலத்தி முன்வாசலால் உள்ளே போனார். நான் அடுத்த ஸ்றீற்காரைப் பிடித்து வீட்டுக்கு வந்து, கஞ்சிக்கு அரிசி கழுவினேன்.